கருவியைத் தொடும் கை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப இருபத்தைந்து ஆண்டுகள் பாடுபட்ட இச்சங்கம், இன்று பொறியியல் பயில்வோரை முன்வரிசையில் அமர்த்தி மகிழ்கிறது. ஆதலின், நான் பல்லாண்டுகள் கற்பித்த நுண்செயலிப் பாடத்திலிருந்தே ஒரு செய்தியைக் கூற விழைகிறேன்.

இன்டெல் நிறுவனம் 1971இல் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் ஒரே சில்லில் அடங்கின. 1976இல் வந்த 8085, நம் கல்லூரிகளில் நெடுங்காலம் பாடமாக விளங்கியது. அதற்கு 40 கால்கள். 5 வோல்ட் மின்சாரம் போதும். 16 முகவரிக் கம்பிகளால் 65,536 நினைவிடங்களைச் சுட்டவல்லது. முகவரியின் கீழ்ப்பாதியும் தரவும் அதே எட்டுக் கம்பிகளில் மாறி மாறிச் செல்லும். முகவரி வரும் வேளையை ஏ.எல்.இ. என்னும் குறிப்பலை அறிவிக்க, 'லாட்ச்' எனப்படும் வெளிச்சுற்று அதைப் பிடித்துவைக்கும். இவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். ஆனால் ஒரு சுற்றை வடிவமைக்க அது போதாது. கை பழக வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் ஐவருக்கு ஒரு பயிற்சிப் பெட்டி. விசைகளை அழுத்துபவர் ஒருவரே. ஏனையோர் விடையைப் பார்த்து எழுதிக்கொள்வர். அழுத்துபவர் பெரும்பாலும் வீட்டிலேயே வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துப் பழகியவர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவரோ, பழுதாகிவிட்டால் யார் பணம் கட்டுவது என்று அஞ்சிப் பின்னால் நிற்பார். ஆண்டிறுதியில் ஐந்து குறிப்பேடுகளும் ஒன்றாகவே இருக்கும். ஐவரின் திறனும் ஒன்றாக இராது. இதை நான் கண்டுகொள்ளவே சில ஆண்டுகள் ஆயின என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பின்னர், முறைவைத்து ஒவ்வொருவரும் தனியே இயக்க வேண்டும் என்று விதித்தேன். அவ்வாறு முதன்முறை விசையைத் தொட்ட மாணவர் ஒருவர், 5ஐயும் 3ஐயும் கூட்டி விடையை 4250 என்னும் முகவரியில் சேமிக்க நிரல் எழுதினார். இயக்கினார், அங்கே விடை இல்லை. "எனக்கு இதெல்லாம் வராது, ஐயா" என்று எழுந்துவிட்டார்.

அவரை அமரச் செய்து, அழுத்திய எண்களைச் சொல்லச் சொன்னேன். சேமிக்கும் கட்டளைக்குரிய 32, அடுத்து 42, அடுத்து 50 என்றார். 8085 முகவரியின் கீழ்ப்பாதியை முதலிலும் மேற்பாதியைப் பின்னும் கேட்கும். ஆகவே 32, 50, 42 என்று தந்திருக்க வேண்டும். "அப்படியானால் உன் விடை எங்கே போயிருக்கும்?" என்றேன். சற்றே சிந்தித்து 5042ஐத் திறந்தார். அங்கே 08 என்று ஒளிர்ந்தது!

அன்பர்களே, அவருடைய கணக்கு தவறவில்லை; விடை வேறொரு கதவில் சேர்ந்திருந்தது. பிழை இரண்டு எண்களின் வரிசையில் இருந்ததேயன்றி, அவர் அறிவில் இல்லை. அவர் பிறப்பிலும் இல்லை. விசையை அழுத்தும் விரல் யாருடையது என்று நுண்செயலி கேட்பதில்லை. கட்டளை சரியா என்று மட்டுமே பார்க்கிறது.

இன்று புதிய கருவிகளில் 8085இன் இடத்தை மைக்ரோகன்ட்ரோலர்கள் பிடித்துவிட்டன. ஆயினும் முகவரி, தரவு, கட்டுப்பாடு என்னும் அடிப்படை மாறவில்லை. பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமையின் தேவையும் மாறவில்லை.

மாணவச் செல்வங்களே! ஆய்வகத்தில் பின்வரிசையில் நில்லாதீர்கள், "என் முறை எப்போது?" என்று கேளுங்கள். தவறிய நிரலைக் கிழித்தெறியாமல், தவறிய காரணத்தை அதனருகே எழுதிவையுங்கள். சங்கப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நம் படிப்பகத்தில் நூல்களுக்கு அருகே சில பயிற்சிப் பெட்டிகளையும் வையுங்கள். பழுதானால் பழுதாகட்டும், அதைச் சீர்செய்வதும் கல்வியே.