படைத்தவன் இல்லாத அறம்

மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் எனக்கு, ஒரு சமயம் உறுதிமொழிப் படிவமொன்றைத் தமிழாக்கும் வேலை வந்தது. கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அன்றி, உளமார உறுதி கூறலாம் என அதில் இரு வழிகள் இருந்தன. அமைச்சர்க்கும் நீதிபதிக்கும் நமது அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை வைத்துள்ள வழிகளும் இவையே. நான் இரண்டாவதை அடைப்புக்குறிக்குள் இட்டிருந்தேன்.

அதைக் கண்டார் அலுவலக நண்பர் ஒருவர். அவர் மராட்டியர், 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது உடன் தழுவிய குடும்பத்தில் பிறந்தவர். "அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் என் வழி. என்னை நாத்திகன் என்பீரா?" என்று வினவினார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

ஆராய்ந்தால், அவ்வினாவினுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. தேவர்கள் உண்டா? உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டா? வினைக்குப் பயன் உண்டா?

பௌத்தம் முதல் வினாவுக்கு 'உண்டு' என்கிறது. பாலி நூல்களில் பிரமனும் சக்கனும் உலவுகின்றனர். ஆயின் அவர்களும் பிறந்து இறப்பவர்களே. இரண்டாம் வினாவுக்கு, தீக நிகாயத்தின் பிரமஜால சூத்திரம் ஒரு கதையால் விடை தருகிறது. உலகம் ஒடுங்கி மீண்டும் விரியும் காலத்தில், வெறுமையான பிரமலோகத்தில் ஓருயிர் முதலில் தோன்றுகிறது. நெடுநாள் தனிமையால் துணை வேண்டி ஏங்குகிறது. அவ்வேளையில் பிற உயிர்களும் தத்தம் ஆயுள் முடிந்து அங்கே வந்து பிறக்கின்றன. 'நான் விரும்பினேன், இவர்கள் வந்தனர். ஆகவே நானே படைத்தவன்' என்று முன்னவன் எண்ணுகிறான். பின்வந்தோரும் அவ்வாறே நம்பிவிடுகின்றனர். மூன்றாம் வினாவுக்கோ, வினைப்பயன் உண்டென்று பௌத்தம் ஐயமின்றி உரைக்கிறது. அதை மறுத்த அஜித கேசகம்பலரின் கொள்கையைத் தவறான காட்சியென ஒதுக்குகிறது.

பௌத்தம் இதில் தனித்து நிற்கவில்லை. உலகம் எவராலும் படைக்கப்படாதது என்பது சமணம். வேதத்தையே பிரமாணமாகக் கொண்ட மீமாம்சகரும் படைப்போனை வேண்டிலர். நியாய நெறியினரான உதயணரோ ஈசுவரனை நிறுவவே நியாயகுசுமாஞ்சலி இயற்றினார். யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய நெறிகளுக்குப் படைத்தவனே அடித்தளம்.

இனி நாத்திகன் என்னும் சொல்லைக் காண்போம். வேதத்தை இகழ்பவனை மனுஸ்மிருதி அப்பெயரால் அழைத்தது. பாணினிக்கு உரை கண்டோர், மறுமை இல்லை என்பவனை அவ்வாறு அழைத்தனர். முன்னதன்படி நண்பர் நாத்திகர், பின்னதன்படி ஆத்திகர். இரண்டிலும் படைப்போனைப் பற்றிய பேச்சே இல்லை!

காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்குமுன், மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளை அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாய்மொழியாகவே கேட்டறிந்தாள். பல சமயத்தாரிடையே அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு அது நல்ல வழிகாட்டி. பெயர் சூட்டுமுன் கேட்டறிவோமாக.

மறுநாள் நண்பரிடம் இவற்றைக் கூறினேன். படிவத்திலிருந்த அடைப்புக்குறிகளையும் நீக்கினேன்.