நம் கறிச்சட்டியும் சிறுநீரக நோயும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் கறிச்சட்டியைப் பற்றிப் பேச வந்தது ஏன் எனச் சிலர் வினவலாம். இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் தெருக்களில் சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ உள்ள வீடுகள் பல. சிறுநீரகம் பழுதாவதற்கு அவ்விரண்டுமே தலையாய காரணங்கள். பழுதான சிறுநீரகத்திற்குப் புரதக் கழிவு பெருஞ்சுமை. ஆகவே மருத்துவர், "கறியைக் குறையுங்கள்" என்கிறார். அது நம் காதில் வேறாக விழுகிறது.

ஏன் அவ்வாறு விழுகிறது? மாட்டிறைச்சி உண்டதே தீண்டாமைக்கு வேராயிற்று என்று அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துரைத்தார். தட்டில் இருப்பதைக் கொண்டு இழிவுபடுத்தப்பட்ட மக்களிடம், கறி என்ற சொல்லே இல்லாத உணவுப் பட்டியலை நீட்டினால், அது மருந்தாகத் தோன்றுமா? சிலர் தாளை மடித்து வைத்துவிட்டு மறைவாக உண்கின்றனர். சிலர் அஞ்சி அனைத்தையும் விட்டு உடல் மெலிகின்றனர். இன்னும் சிலர் கறிக்குப் பதில் பருப்பை வாரி உண்கின்றனர். நூறு கிராம் துவரம் பருப்பிலும் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு, கறியிலும் அவ்வளவே. ஆதலின் இங்கே குற்றம் கறியினுடையதன்று. கணக்கு அளவைப் பற்றியது.

அளவைக் காண்போம். டயாலிசிஸ் தொடங்காத நோயாளிக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் என மருத்துவர் வரையறுப்பதுண்டு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது நாளொன்றுக்கு 36 முதல் 48 கிராம். கால் கிலோ அரிசியிலேயே சுமார் 20 கிராம் வந்துவிடும். எலும்பில்லாத பச்சைக் கறி ஐம்பது கிராம் சேர்ந்தால் மேலும் பத்து. எஞ்சியது காய்க்கும் சிறிது பாலுக்கும் போதும்.

ஐம்பது கிராம் கறியா என்று நகைக்க வேண்டா. நம் வட்டாரத்து ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பர். 1782இல் பஞ்சத்துக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அப்பெயரில் இருக்கிறது. பசி அறிந்த இம்மண்ணில், கைப்பிடிக் கறியைச் சுரைக்காயோடும் முள்ளங்கியோடும் சேர்த்து, மரத்தூள் அடுப்பின் தணலில் நெடுநேரம் வேகவிட்டு, வீடு முழுவதற்கும் குழம்பாக்கியவர்கள் நம் பாட்டிமார். இல்லாமையால் பிறந்த அச்சமையல் இன்றைய நோயாளிக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது எங்களையே வியக்க வைத்தது.

ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். மூடிய சட்டியானாலும் இக்காலத்து மின்சார ஸ்லோ குக்கரானாலும், கறியிலிருந்தும் காயிலிருந்தும் இறங்கும் பொட்டாசியமும் பாஸ்பரசும் குழம்பிலேயே தங்கிவிடும். எனவே கறியைச் சிறு துண்டுகளாக்கி, மிகுந்த நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்நீரைக் கொட்டுக. முள்ளங்கியையும் உருளைக்கிழங்கையும் மெல்லியதாக அரிந்து அவ்வாறே தனியே வேகவைத்து வடித்திடுக. நோயாளிக்குரிய கறியைப் பச்சையிலேயே நிறுத்து, அந்த முதல் கொதிக்குப் பின் மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து அதே சட்டியில் இட்டால், ஒரே அடுப்பில் வீட்டாருக்கும் அவருக்கும் உணவு ஆகும். இஞ்சி, பூண்டு, மிளகு, சோம்பு, மல்லி மணம் கூட்டட்டும். உப்பை மட்டும் அவர் பங்கை எடுத்த பின்னரே மற்றவர்க்கு இடுக. அவருக்குக் காய் நிறைய, குழம்பு ஒன்றிரண்டு கரண்டி. எலும்புச் சாறும் ஈரலும் கருவாடும் அவர் தட்டுக்கு வேண்டா. சோடியம் குறைந்ததென்று கடையில் விற்கும் உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். அதைத் தொடவே கூடாது.

புரதம் குறைந்த இடத்தில் சோறும் எண்ணெயும் ஜவ்வரிசிக் கஞ்சியும் வலுவூட்ட வேண்டும். இல்லையேல் உடல் தன் தசையையே தின்னும். சர்க்கரை நோய் உள்ளோர் கஞ்சியின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக.

நெடுநேரம் வெந்த கறியில் கிரியேட்டின் என்னும் பொருள் கிரியேட்டினினாக மாறுகிறது. இரத்தச் சோதனைக்கு முந்தைய இரவு அதை உண்டால், நோய் முற்றாதபோதும் எண் உயர்ந்து காட்டி வீட்டைக் கலங்க வைக்கும். அன்றிரவு மட்டும் கறி வேண்டா.

டயாலிசிஸ் தொடங்கியவருக்கோ இக்கணக்கு தலைகீழாகும். சுத்திகரிப்பில் புரதம் வெளியேறுவதால், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும். பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டு அவரைப் பட்டினி போடுவோர் நம் தெருக்களிலும் இருக்கக் கூடும். இளைஞர்காள், அவர்தம் வீட்டுக் கதவைத் தட்டி, அந்தத் தாளில் எழுதியிருக்கும் தேதியைப் படித்துப் பாருங்கள்.