தூக்கம் குறைந்தும் களைப்பு இல்லையா?



திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா பணிமனையில் பிட்டர். ஒரு வாரமாக ராத்திரி இரண்டு, மூன்று மணி நேரம்தான் படுக்கிறார். ஆனாலும் காலைச் சங்கு ஊதும் முன்பே குளித்து, சட்டை போட்டு நிற்கிறார். களைப்பே இல்லை. பேச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது. பி.எப். பணத்தை எடுத்து லாரி வாங்கப்போகிறாராம். மறுத்துப் பேசினால் சாப்பாட்டுத் தட்டு பறக்கிறது.

முதல் சில நாள் வீட்டார் என்ன நினைத்திருப்பார்கள்? "மனுஷன் இப்பத்தான் தெம்பா இருக்காரு" என்று. ஏனென்றால் ஆறு மாதம் முன்பு இதே மனிதர் லீவு போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். அதைத்தான் நோய் என்று எண்ணினார்கள்.

இரண்டுமே ஒரே நோய்தான். பைபோலார், இருமுனை மனநோய். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்கு இது இருக்கிறது.

சோர்ந்து கிடக்கும்போதுதான் டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். துள்ளித் திரிந்த நாட்களைச் சொல்வதே இல்லை. மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால், சிலருக்கு அதுவே மனத்தை மறுமுனைக்குத் தூக்கிவிடும். எழுச்சி நேரத்தில் மூளையில் ஆசையும் வேகமும் முந்திக்கொள்கின்றன, 'பொறு' என்று சொல்லும் பகுதி பின்தங்குகிறது. லாரியில் லாபம் கொட்டும் என்று அவர் மனதார நம்புகிறார். அந்த நேரத்தில் வாதாடிப் பயனில்லை, சாவியையும் பாஸ்புக்கையும் பத்திரப்படுத்துங்கள்.

பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் தூண்டிவிடுவது பல நேரம் தூக்கக்கேடு. இரவு ஷிப்ட் மாறி மாறி வரும் வீடுகள் கவனிக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு உண்ணாமல், உறங்காமல் இருப்பவர்கள் அநேகம். இந்த நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பொழுது விடிந்தபின் பரமபத வாசலுக்குப் போகலாம். ரங்கநாதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மருந்து என்றதும் லித்தியம். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பலனை எழுதினார். இன்றும் முன்வரிசை மருந்து. இது ஓர் உப்பு. திருச்சி வெயிலில் வியர்த்துக் கொட்டி உடலில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறிவிடும். வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குதல், நடை தள்ளாடுதல், நாக்குக் குழறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. மூட்டு வலிக்கென்று கடையில் தானாக மாத்திரை வாங்குவதும் ஆபத்து, சில வலி மாத்திரைகள் லித்தியத்தை ஏற்றிவிடும். ரத்தப் பரிசோதனைக்கு, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துப் போங்கள்.

குணசீலம் பெருமாள் கோயிலில் மனநோயாளிகளை 48 நாள் தங்கவைப்பது நம் பக்கத்து வழக்கம். போகட்டும், மாத்திரையும் கூடவே போகட்டும்.

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1997-இல் முதலில் தொடங்கியதே திருச்சியில்தான். புத்தூர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. மனைவியோ மகனோ பேசலாம். அவர் எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்ற ஒரு வாரக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் இன்னும் நல்லது.