வி.பி.என். போட்டதும் ஃபோல்டர் திறக்கவில்லையா?

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூரத்தில் இருந்துகொண்டே வெளியூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர்கள் நம் குடியிருப்பில் உண்டு. வி.பி.என். போட்டதும் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஃபைல் இருந்த இடத்தில்தான் இருக்கும். அதற்குப் போகும் வழிதான் மாறியிருக்கும்.

திறக்காதது வீட்டு ஃபோல்டரா, ஆபீஸ் ஃபோல்டரா என்று முதலில் பாருங்கள்.

வீட்டு ரவுட்டரோடு இணைத்த ஹார்ட் டிஸ்க் என்றால், வி.பி.என்.னைத் துண்டித்துப் பாருங்கள். திறந்தால் டிஸ்க்கில் கோளாறு இல்லை. மறுபடி வி.பி.என். போட்டு, டிஸ்க்கின் பெயருக்குப் பதில் அதன் ஐ.பி. எண்ணைக் கொடுங்கள். எண்ணில் திறந்தால், பெயரை ஆபீஸ் சர்வரில் தேடியதுதான் காரணம். எண்ணிலும் திறக்காவிட்டால், பாதுகாப்புக்காகக் கம்பெனியே வீட்டு நெட்வொர்க்கை அடைத்திருக்கலாம். அதைத் தளர்த்த அவர்களுடைய ஐ.டி. பிரிவால்தான் முடியும்.

ஆபீஸ் ஃபோல்டர் என்றால் முகவரி மோதுகிறதா என்று பாருங்கள். கோர் பேங்கிங் வருமுன் ஒவ்வொரு கிளையிலும் 101ஆம் எண் கணக்கு இருக்கும். கிளை தெரியாமல் எண்ணை மட்டும் வைத்து லெட்ஜரைத் திறக்க முடியாது. இங்கேயும் அதே கதைதான். தனி நெட்வொர்க்குகளுக்கென்று 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என மூன்று எண் வரிசைகளை 1994இல் ஒதுக்கினார்கள். யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். பல ரவுட்டர்கள் 192.168.1 என்றே வருகின்றன. ஆபீஸிலும் அதே வரிசை இருந்தால், கம்ப்யூட்டர் ஆபீஸ் ஃபைலை உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடும்.

வைஃபை பண்புகளில் உங்கள் ஐ.பி. எண்ணைப் பாருங்கள். ஆபீஸ் எண்ணை ஐ.டி. பிரிவில் கேளுங்கள். இரண்டும் ஒரே வரிசை என்றால் ரவுட்டரில் 192.168.57 என்பது போல மாற்றி, எல்லாக் கருவிகளையும் அணைத்துப் போடுங்கள். பிரிண்டருக்கு நிலையான எண் கொடுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வி.பி.என். தொல்லை வேண்டாமென்று, டிஸ்க்கை வெளியிலிருந்து நேரே திறக்க ரவுட்டரில் 445ஆம் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகமெங்கும் பரவியது விண்டோஸின் ஃபைல் பகிர்வு ஓட்டை வழியாகத்தான். பூட்டி வைத்த ஃபைலைத் திறக்கப் பணம் கேட்டார்கள். நம் வீட்டுப் பத்திரங்களும் போட்டோக்களும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன.

சந்தேகம் இருந்தால் சங்க அறைக்கு லேப்டாப்போடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.