பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும் தாள்கள்



"உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்!" மலேசியத் தோட்டங்களில் வளர்ந்த நம்மில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை திறந்தார்கள். காலப்போக்கில் ஊர்ப்பெயரே வசவாகிவிட்டது. இன்று அது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. ஆனாலும் வசவு போகவில்லை. அதனால்தான் அந்த மருத்துவமனையிலிருந்து நீதிமன்றத்துக்குப் போகும் ஓர் அறிக்கையைப் பற்றி இன்று பேச நினைத்தேன்.

குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சித்த சுவாதீனம் இல்லையோ என்று நீதிமன்றம் சந்தேகித்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342-ஆவது பிரிவின்படி அவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பலாம். ஒரு மாதம் வரை கண்காணிப்பார்கள். அதற்குள் முடிவுக்கு வர முடியாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் வரை கேட்கலாம். பிறகு மருத்துவ இயக்குநர் கையெழுத்திட்டுத் தன் கருத்தை நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பார்.

அந்தக் கருத்துக்கு வருவதற்கு டாக்டர் குடும்பக் கதையைக் கேட்டாக வேண்டும். அப்பாவின் குடி, பாட்டிக்கு இருந்த நோய், அக்கா யாரிடமும் சொல்லாதது, எல்லாம் வெளியே வரும்.

ஒருமுறை உயர்நீதிமன்ற வராந்தாவில் ஓர் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகனின் கிளினிக் அட்டைகள், மருந்துச் சீட்டுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். பையின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். "தம்பி, உள்ள இதையெல்லாம் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படிப்பாங்களா?" என்றார்.

நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்த இடம்தான். ஆனால் 1964-ஆம் ஆண்டு நீதிமன்றங்கள் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, நீதியின் நலனுக்குத் தேவையென்றால் வழக்கையோ அதில் ஒரு பகுதியை மட்டுமோ மூடிய அறையில் விசாரிக்க உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த 'ஒரு பகுதி'தான் அந்த அம்மாவுக்குக் கைகொடுக்கும். வழக்கு முழுவதையும் மறைக்க வேண்டியதில்லை.

கதவை மூடினால் போதுமா? அறிக்கைத் தாளையும் பத்திரமாக வைக்க வேண்டும். அமெரிக்காவில் கணினி ஊடுருவல் அம்பலமானதும், 2021 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் மிக ரகசியமான ஆவணங்களை இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்றன. காகிதத்திலோ பாதுகாப்பான சேமிப்புக் கருவியிலோ கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி, வலைப்பின்னலில் சேராத தனிக் கணினியில் வைத்தன.

ஆனால் எதிர்த்தரப்புக்கே காட்டாமல் மறைப்பது வேறு விஷயம். அது எனக்கு உடன்பாடில்லை. கேரளத்தின் மீடியாஒன் தொலைக்காட்சிக்குப் பாதுகாப்பு அனுமதி மறுத்த இந்திய அரசு, காரணத்தை முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தது. இது நியாயமான விசாரணை ஆகாது என்று 2023 ஏப்ரல் 5-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனநல அறிக்கையும் அப்படித்தான். இரு தரப்பும் படித்தால்தான் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியும். ஊரார் படிக்கத் தேவையில்லை.

"உங்க லாயர்கிட்ட இப்பவே சொல்லுங்கம்மா. அறிக்கை வர்ற நேரத்துக்கு மட்டும் கதவை மூடச் சொல்லி அவர் மனு கொடுக்கலாம்" என்றேன். அவர் பையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தார். லாயரைத் தேடிப் போனார்.