கஸ்தூரி முன்னே, பூ பின்னே



பெண்களுக்கென்று வரும் செண்டுகளில் பூ வாசனைக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலும் ரோஜாவோ மல்லிகையோ முன்னே நிற்கும். கஸ்தூரி அடியில் இருந்துகொண்டு, அந்தப் பூ வாசனை சட்டென்று பறந்துவிடாமல் பிடித்து வைக்கும். கச்சேரியில் தம்பூராவுக்கு உள்ள இடம்தான் அதற்கு. 2003இல் வெளிவந்த நார்சிஸோ ரோட்ரிகஸ் 'ஃபார் ஹெர்' அந்தத் தம்பூராவையே பாடச் சொன்னது.

ரோட்ரிகஸ் கியூபா வம்சாவளி அமெரிக்கர், ஆடை வடிவமைப்பாளர். 1996இல் ஜான் கென்னடியின் மகனை மணந்த கரோலின் பெஸட்டுக்குக் கல்யாண உடுப்பு செய்து கொடுத்துப் பெயர் வாங்கியவர். லேஸ், மணி என்று எதுவும் இல்லாத வெள்ளைப் பட்டு உடுப்பு அது. 'எகிப்திய கஸ்தூரி' என்ற பெயரில் விற்கும் எண்ணெய் மீது அவருக்கு வெகுநாள் மோகம். அந்த வாசனையை மையமாக வைத்துச் செண்டைச் செய்தவர்கள் இருவர்: கிறிஸ்டின் நாஜெல், பிரான்சிஸ் குர்க்ஜான். இருவருமே பிறகு புகழின் உச்சிக்குப் போனார்கள். நாஜெல் எர்மெஸ் நிறுவனத்துக்கும், குர்க்ஜான் டியோருக்கும்.

கஸ்தூரி என்றதும் மானை நினைத்துப் பதறவேண்டாம். 1888இல் ஆல்பர்ட் பவுர் என்ற ஜெர்மானியர் வெடிமருந்து ஆராய்ச்சியில் இருந்தபோது, தற்செயலாகக் கஸ்தூரி மணம் வீசும் ஒரு பொருள் அவர் கையில் வந்து விழுந்தது. ஆய்வுக்கூடக் கஸ்தூரியின் கதை அங்கே தொடங்குகிறது. 1960களில் வந்த கேலக்ஸோலைடு என்ற ஆய்வுக்கூடக் கஸ்தூரி, தண்ணீரில் கரையாமல் துணியில் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. அதனால் சலவைத்தூள்காரர்கள் அதை விடவில்லை. காட்டு விலங்கின் நெடியாக இருந்த கஸ்தூரி, துவைத்து மடித்த துணியின் வாசனையாக மாறிப்போனது இப்படித்தான். 'ஃபார் ஹெர்' இந்த இரண்டு முகங்களையும் சேர்த்துக் காட்டுகிறது. அதன் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

கறுப்புக் குப்பியில் வரும் மூல வடிவத்தை மணிக்கட்டில் அடித்துப் பாருங்கள். முதலில் ஆரஞ்சுப் பூ எழும்பும், கூடவே ஆஸ்மந்தஸ். சீனர்கள் தேயிலையில் சேர்க்கும் பொடிப் பூ அது. ஆப்ரிகாட் பழத்தின் இனிப்பும் லேசான தோல் வாடையும் கலந்தது. அந்தத் தோல் வாடைதான் பூவையும் கஸ்தூரியையும் கோத்துவிடுகிறது. வெறும் ரோஜாவை வைத்திருந்தால் இரண்டும் தனித்தனியே நின்றிருக்கும். கொஞ்ச நேரத்தில் பூக்கள் பின்வாங்குகின்றன, ஆனால் கலைந்துவிடுவதில்லை. அடியில் பச்சோலியும் வெட்டிவேரும். பச்சோலியில் வழக்கமாக வரும் ஈரமண் நெடி இங்கே அடக்கி வாசிக்கிறது. சர்க்கரைப் பாகு இல்லை, பழக்கூடை இல்லை. அந்த நாளில் இனிப்புச் செண்டுகள் கடைகளை நிறைத்திருந்தன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2006இல் இளஞ்சிவப்புக் குப்பியில் இன்னொன்று வந்தது. ரோஜாவும் பீச் பழமும் தூக்கலாக இருக்கும். விற்பனையும் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு என்னவோ அதில் கஸ்தூரி மறுபடியும் பூவுக்குக் கைகட்டி நிற்பதாகத்தான் படுகிறது. கறுப்புக் குப்பிக்கே என் ஓட்டு.

ஒரு தொல்லை உண்டு. கஸ்தூரி வகைப் பொருள்களின் மூலக்கூறுகள் பெரியவை. சில மூக்குகளுக்குச் சில கஸ்தூரிகள் எட்டவே எட்டாது; மூக்கில் கோளாறு இல்லை, பிறவியிலேயே அப்படி. தினமும் பூசுகிறவர்களுக்கோ நாளடைவில் மரத்துப்போகும். "நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று இன்னும் நாலு முறை அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறுவார்கள். உள்ளே இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்!

ஆகவே கடையில் நீட்டும் காகிதப் பட்டையை முகர்ந்து முடிவு கட்டாதீர்கள். தோலின் சூட்டில்தான் இது விரியும். மணிக்கட்டில் ஒரே ஒரு முறை அடித்துக்கொண்டு கடைவீதியைச் சுற்றிவாருங்கள். அரைமணி கழித்துக் கூட வந்தவரிடம் கையை நீட்டி, வாசனை வருகிறதா என்று கேட்டுவிட்டு, பிறகு பணத்தை எடுங்கள்.