கூட்டலா, கழித்தலா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



என்ஜினீயர் ஒருத்தன் மேடையேறி எல்.கே.ஜி. கணக்கைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். நம்மில் பலர் வீட்டில் இப்போது அந்த வயசுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இது கூட்டலா, கழித்தலா?" என்று கேட்பார்கள். பெரும்பாலான வீடுகளில் உடனே பதிலும் கிடைத்துவிடுகிறது. அந்தப் பதிலால் என்ன ஆகிறது என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில், 1980-ஐ ஒட்டி, 7 முதல் 9 வயதுப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?" சிரிக்கிறீர்கள். ஆனால் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு விடை எழுதிவிட்டார்கள்! அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல. எண்களைக் கண்டால் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று பழகிப் போனவர்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. அமெரிக்காவில் தாமஸ் கார்ப்பென்டரும் உடன் பணியாற்றியவர்களும் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாலர் வகுப்புக் குழந்தைகள் 70 பேர். அந்த ஆண்டு முழுவதும் கதைக் கணக்குகளைச் செய்து பழகியவர்கள். அவர்களுக்குக் கொடுத்த ஒன்பது கணக்குகளில் பெருக்கல், வகுத்தலும் உண்டு. 32 குழந்தைகள் ஒன்பதுக்கும் சரியான வழி கண்டார்கள்.

அதில் ஒரு கணக்கு. 19 குழந்தைகள் மிருகக்காட்சி சாலைக்கு வேனில் போகிறார்கள். 7 சீட். ஒரு சீட்டில் இரண்டு பேரோ மூன்று பேரோ உட்காரலாம். எத்தனை பேர் மூன்று மூன்றாக உட்கார வேண்டும்? நமக்கு இது இயற்கணிதம். குழந்தைக்கு? புளியங்கொட்டை 19 எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். 7 இடத்தில் இரண்டிரண்டாக வைக்கும். 14 ஆச்சு. கையில் மீதி 5. அதை ஒவ்வொரு சீட்டிலும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே வரும். 5 சீட்டில் மும்மூன்று, 2 சீட்டில் இரண்டிரண்டு. ஆக 15 பேர் மூன்று மூன்றாக! சூத்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கதையை அப்படியே நடத்திப் பார்த்தால் போதும். பாலம் கட்டுமுன் மாதிரி செய்து பார்க்கிறோமே, அதே வேலைதான்.

ஆக, கதையை நடத்திப் பார்க்கும் திறமை ஐந்து வயசிலேயே வந்துவிடுகிறது. "மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி" என்று குறுக்குவழி சொல்லித் தந்து, அதை நாம்தான் மழுங்கடிக்கிறோம்.

என்ன செய்யலாம்? மூன்றே மூன்று.

ஒன்று: கணக்கைப் படித்ததும் எண்களை விட்டுவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். "யார் இருக்காங்க? என்ன நடந்துச்சு? என்ன கேக்கறாங்க?"

இரண்டு: விடை சரியாக இருந்தாலும், "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். தப்பு வந்தால் மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியே திட்டு மாதிரி ஆகிவிடும்.

மூன்று: சாப்பாட்டுத் தட்டிலேயே கணக்கு இருக்கிறது. 14 இட்லி, நாலு பேர், எப்படிப் பங்கு போடலாம்? மீதி இரண்டை என்ன பண்ணலாம்? பாதிப் பாதியாகப் பிட்டுக் கொடுக்கலாம், பாட்டிக்கே இரண்டையும் வைத்துவிடலாம். நடுநடுவே கப்பல் தலைவர் கணக்கும் ஒன்று போடுங்கள். "இதுக்கு விடை சொல்ல முடியாதுப்பா" என்று குழந்தை சொன்னால், அதற்கு முழு மார்க் கொடுங்கள்.

தம்பி தங்கைகளே, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கிராமத்துப் பள்ளிக்குப் போகும்போது வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். ஒரு பை புளியங்கொட்டையும் நாலு கதையும் கொண்டு போங்கள். வழியைச் சொல்லிவிடாமல் பொறுமையாகக் காத்திருங்கள். அந்தப் பொறுமைதான் கஷ்டம்.

நாளைக்கு அந்தப் பிள்ளைகள் இதே அரங்கில் வந்து உட்காருவார்கள். "எந்தச் சூத்திரம் சார்?" என்று கேட்பவர்களாக வருவதா, "கேள்வியே சரிதானா சார்?" என்று கேட்பவர்களாக வருவதா என்பது, இன்று சாயங்காலம் நாம் சொல்லப் போகும் பதிலில் இருக்கிறது.